அவருக்கு நான் ஊட்டிய இரும்புச்சத்து டானிக்

கணவரின் உடம்பைப் பற்றி டாக்டரைவிடத் தனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நினைக்காத மனைவி எங்காவது இருந்தால், அவருக்கு ஒரு கும்பிடு. நான் அந்த ரகமில்லை. கல்யாணமான இரண்டாவது வருஷமே அதை நிரூபித்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். சென்னை தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் அவருக்குப் புடவை விரித்துக் காட்டும் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் முகம் செக்கச் செவேலென்று ஆனது. பார்த்தவர்களெல்லாம் என் சமையலைப் பாராட்டினார்கள், நானும் வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டேன். குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்பார்; சோப்பை மாற்றினேன். தலை வலிக்கிறது என்பார். கடை இரைச்சல் என்றேன். (என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.)

கடைசியில் மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் பெருகிவிட்டன, ரத்தம் கெட்டியாகி எங்காவது அடைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வைத்தியம், மாதாமாதம் ஒரு பாட்டில் ரத்தத்தை எடுத்துவிடுவது. அதை யாருக்கும் ஏற்றவும் மாட்டார்களாம், கொட்டிவிடுவார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. வீடு திரும்பும் வழியிலேயே இரும்புச்சத்து டானிக் ஒன்று வாங்கிவிட்டேன்.

"டாக்டர் எழுதிக் குடுத்தாரா?" என்றார் அவர்.

"அவரு எடுக்கத்தான் செய்வாரு. போனதை யாரு ஈடு கட்டுவா? வாயைத் தொறங்க."

திறந்தார். காலையும் மாலையும் இரண்டு ஸ்பூன், கூடவே பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஈரல் வறுவல். ரத்தம் எடுத்த மறுநாள் மூன்று ஸ்பூன். எடுக்க எடுக்க அவருடைய சிவப்பணு அளவு ஏறியது. மாதத்துக்கு ஒரு பாட்டில் ரத்தம் எடுத்தது, பத்து நாளைக்கு ஒன்றானது. டாக்டர் குழம்பினார், நான் ஸ்பூனைப் பெரிதாக்கினேன்.

நான்காவது மாதம் ஒரு காலையில் காபி டம்ளர் அவருடைய இடது கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தார், விரல்கள் மடங்கவில்லை. "ஏட்டி, இது என் கையாவே இல்லியே" என்றார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. டாக்சியில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, என் தாலியைக் காப்பாற்று என்று தெரிந்த சாமியிடமெல்லாம் கெஞ்சினேன்.

"வீட்ல என்ன சாப்பிடறார்?" என்று டாக்டர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். நான் பெருமையோடு பைக்குள் கைவிட்டு டானிக்கை எடுத்து நீட்டினேன். (அன்றைய வேளை தவறக் கூடாதென்று அந்தப் பதற்றத்திலும் எடுத்து வந்திருந்தேன்.)

டாக்டர் லேபிளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நாளா?"

"மொத நாள்லேருந்து."

பக்கத்தில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த ஆயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாம்மா நீ? டாக்டரு எறைச்சிக்கினு கீறாரு, நீ ஊத்திக்கினு கீறே!"

வார்டே சிரித்தது. கோணிய வாயோடு அவரும் சிரித்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா இதைக் குடுக்காம இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர். அந்த 'ஆனா' இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

வாய் நேரானது. கை முழுதாகத் திரும்பவில்லை. புடவை விரிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால், முதலாளி அவரை வாசலில் நின்று வாடிக்கையாளரை வரவேற்கச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் காலையில் யார் தட்டிலாவது நான் இன்னொரு இட்லி வைத்தால், "ஊத்திக்கினு கீறா!" என்று குரல் வரும். முதல் குரல் அவருடையதுதான். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பிறகு அவர் வலது கையை என்னிடம் நீட்டுவார். முழுக்கைச் சட்டையின் அந்த மணிக்கட்டுப் பித்தானை அவருடைய இடது கையால் போட முடியாது. நான் போட்டுவிடுவேன்.