ஐந்தாவது திரை

“அஞ்சாம் அறைன்னுதானே சொன்னா?” என்று முணுமுணுத்தபடி சேனோன் சிவப்புத் திரைகளை விரல்விட்டு எண்ணினார். லிமாவின் அந்தச் சீனச் சாப்பாட்டுக்கடையில் மேசைக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு திரை. மேலே எண் எழுதித்தான் இருந்தது. ஆனால் அவருடைய மூக்குக்கண்ணாடி மலைமேல் தார்மா ஊரில், வீட்டு அடுப்படியில் இருந்தது.

மகள் யெசெனியா கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனின் தாயாரை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார். அந்த அம்மாள் சரி என்றால்தான் கல்யாணம்.

ஐந்தாவது திரையை விலக்கினார். உள்ளே பதினைந்து பேர். நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒரு கைக்குழந்தை.

“வாங்க வாங்க! ஏன் இவ்வளவு லேட்டு? குழந்தையைத் தூக்குங்க!”

சேனோனுக்குப் பகீரென்றது. குழந்தை வரைக்கும் போய்விட்டதா?

“யெசெனியா எங்கே?”

“எல்லாரும் வருவாங்க. முதல்ல சாப்பிடுங்க ஐயா.”

வாயைத் திறந்து திட்டத்தான் போனார். அதற்குள் குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. பாவம், மனுஷன் அங்கேயே கரைந்துபோனார். “போகட்டும், நல்லா இருங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சூப் வந்தது. கோழி போட்டு வறுத்த சோறு குவியலாக வந்தது. பின்னாலேயே வாத்துக்கறி. தட்டில் மிச்சம் வைத்தால் அழைத்தவரை அவமதித்தது போல என்று வளர்ந்தவர் அவர். வைக்க வைக்க வழித்துச் சாப்பிட்டார்.

போன் அடித்தது.

“அப்பா, எங்க இருக்கீங்க? அஞ்சாம் அறையில எல்லாரும் காத்திருக்கோம்!”

“அஞ்சாவது திரைக்குள்ளதாம்மா இருக்கேன். உன் குழந்தை என் மடியில தூங்குது.”

“என் குழந்தையா? ஐயோ அப்பா, திரையை எண்ணினீங்களா? சீனக்காரங்களுக்கு நாலு ஆகாது. இங்க நாலாம் அறையே கிடையாது. நீங்க இருக்கிறது ஆறு!”

யார் வீட்டு ஞானஸ்நான விருந்தோ! அவரைக் குழந்தையின் அம்மா வழி உறவு என்று அப்பா வழியும், அப்பா வழி என்று அம்மா வழியும் நினைத்து ஊட்டியிருக்கிறார்கள். குழந்தையைப் பக்கத்து மடிக்கு மாற்றிவிட்டு நழுவினார்.

ஐந்தாம் அறையில், இக்கா ஊரிலிருந்து வந்திருந்த கிரிசெல்டா அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மகன் பெர்சி சேனோனின் காதில், “மாமா, தட்டுல மிச்சம் வைக்கிறவங்கன்னா அம்மாவுக்கு ஆகாது” என்று கிசுகிசுத்தான்.

சீக்கிரம் முடித்தால் தப்பிக்கலாம் என்று சேனோன் நாலே வாயில் தட்டைக் காலி செய்தார்.

“அடடா, நல்ல பசி போல!” கிரிசெல்டா தன் தட்டிலிருந்தே இரண்டு கரண்டி அள்ளி வைத்தாள்.

“நீங்க சாப்பிடலையே, சம்பந்தி அம்மா?”

“நீங்க சாப்பிடுறதைப் பார்த்தாலே எனக்கு நிறைஞ்சிடுது. இந்தாங்க, இஞ்சிக் கோழி.”

சோதிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துபோனது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனார். ஆறாம் அறைக்காரர் ஒருவர் தோளைப் பிடித்தார்.

“எங்கே காணாமப் போனீங்க? கேக் வெட்டியாச்சு!”

நின்ற நிலையிலேயே இரண்டு துண்டு உள்ளே போயின.

திரும்பி வந்தால் தட்டில் மறுபடியும் சோற்றுமலை. உச்சியில் ஒரு பொரித்த முட்டை.

“அப்பா, இது ஒண்ணை மட்டும் முடிச்சிடுங்க” என்று கண்ணாலேயே கெஞ்சினாள் யெசெனியா.

சேனோன் பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். முட்டையைப் பார்த்தார். முட்டை அவரைப் பார்த்தது. கரண்டியைக் கீழே வைத்தார்.

“சம்பந்தி அம்மா, மன்னிச்சிடுங்க. என்னால முடியல.”

கிரிசெல்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது திரையை விலக்கிக்கொண்டு, பரிமாறும் பெண் தலையை நீட்டினாள். போச்சு, ஆறாம் அறைக் கதை அவிழப்போகிறது என்று சேனோன் கண்ணை மூடிக்கொண்டார்.

அவளோ அவரைத் தாண்டிப் போய், கிரிசெல்டாவின் மடியில் ஒரு நீலச் சால்வையை வைத்தாள்.

“ஆறாம் அறையில மறந்துட்டு வந்துட்டீங்கம்மா. விருந்து ஆரம்பிச்சதுமே வந்து ஆசை ஆசையா ரெண்டு தட்டு வாத்துக்கறி சாப்பிட்டீங்களாமே, மூணாவது வர்றதுக்குள்ள ஏன் ஓடிட்டீங்கன்னு கேக்குறாங்க!”