பேனரின் இடது முனை

தாதியர் சங்கங்களில் வழிகாட்டி என்றோர் இனம் உண்டு. மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம் இது செழிப்பாக வளர்கிறது. அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் சங்க அட்டை, கையில் இரண்டு கைப்பேசிகள், பக்கத்தில் எப்போதும் ஒரு புது உறுப்பினர். அந்தப் புது உறுப்பினரின் தோளில் வழிகாட்டியின் கைப்பை.

பயிற்சி முடித்த பெண் எதற்குச் சங்கத்தில் சேர்கிறாள்? வார்டில் கேட்கப் பயப்படும் கேள்விகளை இங்கே கேட்கலாம் என்றுதான். வழிகாட்டி எதற்கு இருக்கிறார்? அந்தக் கேள்விகள் பதிலைப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளத்தான்.

நம் வட்டாரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி தனேஸ்வரி சிஸ்டர். இருபத்தெட்டு வருட அனுபவம். அதில் பாதி, அனுபவத்தைப் பற்றிப் பேசிய அனுபவம். அவரிடம் ஒப்படைக்கப்பட்டவள் விஷாலினி. பக்கத்து ஊரான அசாம் ஜாவாக்காரி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சங்கம் மருத்துவ முகாம் நடத்தப்போகிறது என்றதும் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"சிஸ்டர், கேம்ப்புக்கு டாக்டர் வரலையே. யாருக்காச்சும் பிரஷர் ரொம்ப ஏறியிருந்தா யாருக்கு ஃபோன் அடிக்கணும்?"

"நல்ல கேள்வி மா."

இந்த இனம் 'நல்ல கேள்வி' என்றால், பதில் கிடையாது என்று அர்த்தம்.

"நாங்க படிச்சப்ப மேட்ரன் சப்பாத்து சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிக்குவோம். இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு என்னா பயம் இருக்கு, சொல்லு?"

மேட்ரனில் தொடங்கிய கதை சிஸ்டரின் பதவி உயர்வு வழியாகப் போய், பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்து நண்டு விருந்தில் நின்றது. நாற்பது நிமிடம். விஷாலினி இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். "மொதல்ல பாத்து கத்துக்க மா. அவசரப்படாத."

பார்த்தாள். கற்றுக்கொண்டாள். நன்றியுரையில் யார் பெயர் யார் பெயருக்கு முன்னால் வர வேண்டும், சாப்பாட்டுக்கு மீஹூன் நூடுல்ஸ் பொட்டலம் எத்தனை கூடுதலாக வாங்க வேண்டும், வாட்ஸ்அப்பில் சிஸ்டர் காலை வணக்கம் சொன்னால் எத்தனை நிமிடத்துக்குள் கைகூப்ப வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, சிஸ்டரின் முகத்தை மறைக்காமல் பேனரின் இடது முனையை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்பது வரை மூன்றே மாதத்தில் கரைகண்டுவிட்டாள். வளர்ச்சி என்றால் இதுதானே?

முகாமும் வந்தது. விஷாலினி அறுபது பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்தாள். சிஸ்டர் ஒருவருக்குப் பார்த்தார். படம் சரியாக விழவில்லை என்பதால் அவருக்கே மறுபடியும் பார்த்தார்.

பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்தவர் சன்னாசி, செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்தவர். கருவி இருநூற்றுப் பதினான்கு காட்டியது. அடுத்த கையிலும் அதேதான்.

"தாத்தா, தல வலிக்குதா?"

"காலையிலேருந்து மா. கண்ணும் மங்கலா இருக்கு. வெயிலுதான் லா, வேற என்னா."

"விஷாலினி! பேனர்! சிறப்பு விருந்தாளி டத்தோ வந்துட்டாரு!"

"சிஸ்டர், இவரு பிரஷர் இருநூத்துப் பதினாலு. இப்பவே ஆஸ்பத்திரிக்கு..."

"ஒரே ஒரு படம் மா. ரெண்டு நிமிஷம். அவருக்குத் தண்ணி குடு, வா."

மூன்று மாதப் பயிற்சி வீண்போகுமா? கால்கள் தாமாகவே நடந்தன; கைகள் சரியான உயரத்தில் இடது முனையைப் பிடித்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினார் படம் எடுப்பவர். அங்கே சன்னாசியின் கையிலிருந்து தண்ணீர்க் குவளை நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை.

விஷாலினி முனையை விட்டாள். பேனர் சரிந்து டத்தோவையும் சிஸ்டரையும் ஒருசேரப் போர்த்தியது. மீஹூன் கொண்டுவந்த வேனின் ஓட்டுநரை நோக்கி அவள் கத்தினாள்.

"சேது அண்ணே! வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரிக்கு!"

"உள்ள சாப்பாடு இருக்கே மா!"

"இருக்கட்டும் லா! வந்து இவர ஒரு பக்கம் பிடிங்க!"

நேரத்தோடு வந்தீர்கள் என்றாராம் டாக்டர். சன்னாசி இப்போது ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று குறைசொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அன்று சாயங்காலமே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சிஸ்டர் எழுதினார்: 'என் வழிகாட்டலில் வளர்ந்த விஷாலினி இன்று ஓர் உயிரைக் காப்பாற்றினாள். பெருமைப்படுகிறேன்.' அதன் கீழே நாற்பத்து மூன்று கைகூப்பல்கள். கடைசியாக விஷாலினி எழுதினாள்: 'நன்றி சிஸ்டர். அடுத்த கேம்ப்பில் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும்?'

பதில் உடனே வந்தது. 'நல்ல கேள்வி மா.'

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் தாதியே இல்லைதான். ஆனால் அலுவலகத்திலோ கோயில் கமிட்டியிலோ ஓரிரு சின்னவர்களை நீங்களும் வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். இதை வாசிக்கும்போதே, 'அந்தப் பிள்ளைக்கு இதை அனுப்ப வேண்டும், படித்துத் திருந்தட்டும்' என்று ஒரு பெயர் உங்கள் மனதில் ஓடியிருக்குமே? அனுப்புவதற்கு முன்னால், உங்கள் பேனரின் இடது முனைப் பக்கம் ஒருதடவை திரும்பிப் பாருங்கள். அங்கே நிற்பவர் மூன்றாவது தடவையாக உங்களிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.