ரிவர்ஸ் கேட்ட பத்து வருஷம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் வயசாவதை விதி என்று ஒப்புக்கொண்டுவிட்டவர்கள். அதை ஒரு ரிப்பேர் என்று நினைத்து, மெக்கானிக் எப்போ வருவான் என்று கேட்டுக்கொண்டே திரிந்த ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை நாங்கள் ரிவர்ஸ் என்று கூப்பிடுவோம். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதை அவரே மறந்திருப்பார்.

எங்கள் இரும்புக் கம்பித் தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். முன்னால் கம்பிச் சுருளைத் தூக்கி வைத்துவிட்டால் வழி தெரியாது. அதனால் அந்த வண்டியைப் பெரும்பாலும் பின்பக்கமாகவே ஓட்ட வேண்டியிருக்கும். முப்பது வருஷம் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்து, அவருடைய கழுத்து வலது பக்கமாகவே நின்றுவிட்டது. நம்மோடு பேசும்போதும் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி அங்கே பார்த்துத்தான் பேசுவார். நான் அங்கே ஸ்டோர்ஸில் குமாஸ்தா, இன்றைக்கும் அதேதான். மீஞ்சூரில் ரயில் ஏறுவேன், அவர் பொன்னேரியில் ஏறுவார். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிற ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் தூங்குவதுதான் என் வாழ்க்கையின் ஒரே சுகம். அதையும் கெடுத்தவர் அவர்.

எல்லாம் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஆரம்பித்தது. ரிவர்ஸ் பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தான் கல்யாணம் செய்துகொண்டபோது வயசு நாற்பத்தாறு. அப்புறம் ஒரு பெண் குழந்தை, பவித்ரா. பொன்னேரியில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிப்போக வாசலில் போய் நின்றிருக்கிறார். வாட்ச்மேன் உள்ளே பார்த்து, "பவித்ரா, உங்க தாத்தா வந்துகிறாரு பாரும்மா" என்று குரல் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ரயிலில் என்னை உலுக்கி எழுப்பினார்.

"அந்த வாட்ச்மேன் என்னவிட ரெண்டு வயசு பெரியவன் சார். அவன் என்னத் தாத்தான்றான்."

"விடுங்க. அவருக்குக் கண்ணு தெரியல."

"எனக்குத் தெரியுதே சார். கண்ணாடி பாத்தேன். அவ காலேஜ் முடிக்க சொல்லோ எனக்கு எழுவது வயசு. கண்ணு தெரியுமா, காது கேக்குமா, ஆளே இருப்பனான்னு தெரியல. ஒரு பத்து வருஷம் கொறஞ்சாப் போதும் நைனா. அதுக்கு மேல நான் இன்னா கேட்டேன்."

என் முட்டி வலியையே என்னால் குறைக்க முடியவில்லை. பாவம்தான் அவர் என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே அவர் போனில் ஒரு எலி வந்து சேர்ந்தது. எங்கேயோ ஆராய்ச்சிக்கூடங்களில் கிழட்டு எலிகளுக்கு வயசைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று யாரோ ஒருவர் பேசிய வீடியோ. ஒன்றைப் பார்த்தால் அந்தப் போன் சும்மா விடுமா, அடுத்தடுத்து எலியாகவே வந்து கொட்டியது. எந்த எலி எதைத் தின்றது, எதற்கு முடி மறுபடி முளைத்தது, எது சக்கரத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்று எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "எலிக்குக் கொறயுது சார். மனுஷன்தான் பாக்கி" என்பார்.

பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜனங்களெல்லாம் வேண்டும் என்று கேட்டால்தானே ஆராய்ச்சி வேகமாக நடக்கும்? ஒரு பாக்கெட் டைரியை எடுத்துக்கொண்டு, ரயிலிலும் கேன்டீனிலும் ஆள் ஆளாகக் கேட்க ஆரம்பித்தார். வயசைக் குறைக்கிற மருந்து வந்தால் சாப்பிடுவாயா, மாட்டாயா. வேணும் என்பவர்களுக்கு ஒரு பக்கம், வேணாம் என்பவர்களுக்கு ஒரு பக்கம்.

உலை பக்கத்தில் வேலை பார்க்கிற முனுசாமியை முதலில் பிடித்தார். முனுசாமி தோளில் துண்டைப் போட்டபடி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"மறுபடியும் இருவது வயசா? அப்ப மொதல்லர்ந்து நைட் ஷிஃப்ட்டா? ஆள வுடுண்ணா, நானே எப்படா அம்பத்தெட்டு வரும்னு பாத்துக்கினு கீறேன்."

கான்ட்ராக்ட் தொழிலாளி குமாருக்கு வேறு கவலை. "நீங்கல்லாம் ரிடையர் ஆனாத்தாண்ணா எங்கள பர்மனென்ட் ஆக்குவாங்க. நீங்க பாட்டுக்கு இளமையாயிக்கினே போனா நாங்க எப்ப உள்ள வர்றது?" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ரிவர்ஸ் அவன் பெயரை வேணாம் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

கேன்டீனில் பரிமாறுகிற ஸ்டெல்லா அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்க மாமியாருக்கும் குடுப்பாங்களா?"

"எல்லாருக்கும்தாம்மா."

"அப்ப வாணாம்."

தேவசகாயம் என்று ஒரு வெல்டர். கர்த்தர் எழுதின ஆயுசில் மனுஷன் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, நாஷ்டாவுக்கு முன்னால் போடவேண்டிய சுகர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். ரிவர்ஸ் விடுவாரா.

"அந்த மாத்திர யாரு எழுதினது?"

"டாக்டரு."

"கர்த்தர் எழுதினத டாக்டரு திருத்தலாம், எலி ஆராய்ச்சி பண்றவன் திருத்தக்கூடாதா?"

தேவசகாயம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. எனக்கும் அது நிம்மதியாக இருந்தது, ரயிலில் ஒரு சண்டை குறைந்தது. என்னைக் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மருந்து வேண்டாம். அப்போது எனக்கு ஐம்பத்தொன்று. அந்த ரயிலில் இன்னும் ஏழு வருஷம் போகவேண்டும் என்பதே பேஜாராக இருந்தது. அதற்கு மேல் பத்தைக் கூட்ட யாருக்குத் தெம்பு இருக்கிறது?

மருந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்று தானே சோதனையில் இறங்கினார். குறைவாகத் தின்கிற எலி ரொம்ப நாள் இருக்கும் என்று கேள்விப்பட்டு மத்தியானச் சாப்பாட்டை விட்டார். அவருடைய டிபன் பாக்ஸை நாங்கள் பங்கு போட்டோம். அவர் மனைவியின் மீன் குழம்பில் எங்களுக்கெல்லாம் இரண்டு கிலோ ஏறியது. ரிவர்ஸுக்கு மட்டும் கண் உள்ளே போய், இன்னும் ஐந்து வயசு கூடின மாதிரி ஆகிவிட்டார். பதினெட்டாம் நாள் கம்பிச் சுருளோடு வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். நான்தான் சோடா வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அடுத்தது ரத்தம். இளம் எலியின் ரத்தத்தைக் கிழட்டு எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்த நேரம், எங்கள் தொழிற்சாலையில் ரத்ததான முகாம் வந்து தொலைத்தது. வரிசையில் நின்று படுக்கைக்குப் போனவர் நர்ஸம்மாவிடம், "என்னாண்ட எடுக்க வாணாம்மா. அதோ அந்த அப்ரன்டிஸ்ங்ககிட்ட எடுத்து எனக்கு ஏத்திவுடு" என்றார். அப்ரன்டிஸ்கள் வரிசையே கலைந்துவிட்டது. அதற்கப்புறம் பத்து நாள் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டாலே அவர்கள் மறைவில் போய் நின்றார்கள்.

இத்தனை பேர் வேணாம் என்றார்களே, அவர்கள் லட்சணத்தையும் சொல்லவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள்ளே ஒரு கல்யாண மண்டபத்தில் டை கட்டிய ஒருவர் இளமைப் பவுடர் விற்றார். பாலில் கலந்து குடித்தால் மூன்றே மாதத்தில் பதினைந்து வயசு குறையுமாம். போய்ப் பார்த்தால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். முனுசாமி ஒரு டப்பா வாங்கினான். ஸ்டெல்லா அக்கா இரண்டு. தேவசகாயம் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு ஒன்று. வாங்காத ஒரே ஆள் ரிவர்ஸ். அவர் கடைசி வரிசையில் எழுந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எலி எங்க?"

"எந்த எலி சார்?" என்றார் டைக்காரர்.

"இத மொதல்ல எலிக்குக் குடுத்திருப்பீங்கல்ல. அந்த எலி இப்ப எப்டி கீது?"

டைக்காரரிடம் எலி இல்லை. ரிவர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் ஒரு டப்பா வாங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி இப்போது அதில் கடுகு போட்டு வைத்திருக்கிறாள்.

இதற்குள் அவர் ஓய்வு பெறுகிற தேதி நெருங்கிவிட்டது. அப்போதுதான் ஒரு பழைய விஷயத்தைத் தோண்டி எடுத்தார். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது, பையன் தலைக்கு மேலாகக் கையைப் போட்டு அடுத்த பக்கத்துக் காதைத் தொட்டுவிட்டால் வயசு வந்துவிட்டது என்று அர்த்தம். ரிவர்ஸுக்குக் கை நீளம். நாலு வயசிலேயே தொட்டுவிட்டார். தலைமையாசிரியர் ஆறு என்று எழுதிவிட்டார். அந்த இரண்டு வருஷத்தைத் திருப்பி வாங்கப் பர்சனல் ஆபீசுக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆபீசருக்கு முப்பது வயசுகூட இருக்காது.

"வெஞ்ஞானிங்க எலிய வச்சிக்கினு அவ்ளோ கஷ்டப்படறாங்க சார். எங்க எட்மாஸ்டரு ஒரே பேனால எனக்கு ரெண்டு வயசு ஏத்திட்டாரு. ஏத்தத் தெரிஞ்ச பேனாவுக்கு எறக்கத் தெரியாதா?"

"சர்டிபிகேட்ல இருக்கறதுதாங்க வயசு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அதான் பாத்தேன். எலிக்கு சர்டிபிகேட் கெடையாது, அதான் கொறயுது" என்றார் ரிவர்ஸ்.

ஆபீசர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் வராந்தாவில் ரிவர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கடேசில அந்த ரெண்டு கூட இல்லயா சார்" என்று கேட்டார். நான் அவரை டீ குடிக்கக் கூட்டிப்போனேன்.

கடைசி நாளன்று வழக்கம் போல மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் கொடுத்தோம். நேரம் போதவில்லை என்று அழுகிற ஆளுக்குக் கடிகாரம். மேனேஜர், "இன்றைக்கும் இளைஞரைப் போலவே இருக்கிறார்" என்று பேசினார். எல்லாரும் கைதட்டினோம். ஓய்வு பெறுகிறவர்களை ஜீப்பில் ஏற்றி கேட் வரை கொண்டுபோய் விடுவது எங்கள் பழக்கம். ரிவர்ஸ் ஜீப் வேண்டாம் என்று தன் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். ஷெட்டிலிருந்து கேட் வரை பின்பக்கமாகவே ஓட்டினார். எப்போதும் திரும்பி வழியைப் பார்த்து ஓட்டுகிறவர், அன்றைக்கு மட்டும் இருக்கையில் ஒருக்களித்து உட்கார்ந்து எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு ஓட்டினார். நேராகப் போய்க் கேட் கம்பத்தில் இடித்தார். முப்பது வருஷத்தில் அவர் இடித்தது அது ஒன்றுதான்.

அவர் போனபிறகு ரயிலில் நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். பொன்னேரி வந்ததும் தானாக முழிப்பு வந்து தொலைத்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது, காரணம் எதுவும் இல்லாமல் பொன்னேரியில் இறங்கிப் பள்ளிக்கூடப் பக்கம் நடந்தேன்.

வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மை அடிப்பதை விட்டிருந்தார். அந்த வாட்ச்மேனோடுதான் பேசிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் பவித்ரா ஓடிவந்து பையை அவர் தோளில் மாட்டினாள். அவள் தோழிகள் இரண்டு பேரும் அவரவர் பையை மாட்டினார்கள். அது தினசரி வழக்கம் போலிருந்தது. அவர் மூன்று பையோடு எங்களுக்குக் கொய்யாப்பழம் வாங்கக் கடைப் பக்கம் போனார். நான் சும்மா இருக்க முடியாமல் அந்தக் குழந்தையைக் கேட்டேன்.

"உங்க அப்பாவுக்குப் பத்து வயசு கொறஞ்சா நல்லா இருக்குமாம்மா?"

அவள் பக்கத்தில் நின்ற தோழிகளைப் பார்த்தாள்.

"கொறஞ்சா மறுபடியும் ஷிஃப்ட்டுக்குப் போயிடுவாரா அங்கிள்?"

"ஆமா, போவணும்."

"அப்ப வாணாம். இவங்க அப்பால்லாம் ஸ்கூலாண்ட வர்றதே இல்ல. எங்கப்பா மட்டுந்தான் டெய்லி வர்றாரு."

ரிவர்ஸ் கொய்யாவோடு திரும்பி வந்து, "இன்னா சொல்றா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் ஊரெல்லாம் கேட்டிருந்தார், வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அவர் அந்தப் பாக்கெட் டைரியை எடுத்தார். வேணும் பக்கத்தில் அவர் பெயர் ஒன்றுதான் இருந்தது.

"நீங்க மட்டுந்தான் சார் இன்னும் பதில் சொல்லல."

"வேணும்னு எழுதிக்கோங்க" என்றேன்.

அவருக்கு நம்ப முடியவில்லை. கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பி, முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு தன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி, டைரியைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பத்து வருஷத்தை எனக்காகக் கேட்கவில்லை, பவித்ராவுக்காகத்தான் கேட்டேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.