தம்பட்டக்காவும் விழாத அட்டையும்

வியாதி வராத மனுசர் இல்லை. ஆனால் வந்த வியாதியைத் தம்பட்டக்கா மாதிரி ஊர் கூட்டிக் கொண்டாடியவர் இந்த மலைநாட்டில் இன்னொருத்தர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசை வீடுகளான ஒரே லயத்தில் அவள் காம்பராவும் என் காம்பராவும் ஒட்டி இருந்தன, நடுவில் ஒரு சுவர். தம்பட்டம் என்ற பெயரை வைத்தது நாங்கள்தான். பல் விழுந்தால் அந்தப் பல்லைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் காட்டுவாள். காலில் ஆணி வந்தபோது, கொழுந்து நிறுக்கிற இடத்தில் காலைத் தூக்கித் தராசுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினாள். புருசன் குறட்டையை அவளே விட்டுக் காட்டுவாள். சனம் சுற்றி நின்று சிரிக்கும்.

நான் தும்மல் வந்தாலும் முந்தானைக்குள் தும்முகிறவள். மூன்று மாதம் முதுகு வலித்துக் கிடந்தேன், லயத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. சொன்னால்தானே கேட்பார்கள். ஆனாலும் எனக்கு வயிறு எரியும். கொழுந்து எடுப்பதில் அவள் என் கிட்டவும் வர முடியாது. அதைப் பற்றி யார் பேசினார்கள்? பேச்செல்லாம் அவள் கால் ஆணியைப் பற்றித்தான்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருசம் இருக்கும். அடைமழைக் காலம். ஈர மலையில் அட்டை காலில் ஏறி எங்கெங்கேயோ போய் ஒட்டிக்கொள்ளும். உப்போ சவர்க்காரமோ சுண்ணாம்போ வைத்தால் விழுந்துவிடும். ஒருநாள் தம்பட்டக்கா புருசனின் சவரக் கண்ணாடியை எடுத்துத் தன் மறைவிடத்தைப் பார்த்திருக்கிறாள். ஈரமான உள்தோலில் கறுப்பாக ஒன்று. அட்டைதான் என்று முடிவு கட்டி உப்பை வைத்தாள். மறுநாள் சவர்க்காரம். மூன்றாம் நாள் வெற்றிலைச் சுண்ணாம்பு. அன்றைக்கு அவள் குதித்த குதியில் என் வீட்டுச் சுவரில் சாமி படம் ஆடியது.

நாலாம் நாள், கொழுந்து மலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்களுக்கெல்லாம் சொன்னாள்.

“மூணு நாளா அசைய மாட்டேங்குது புள்ள. இம்புட்டுப் பிடிவாதம் பிடிச்ச அட்டைய நான் கண்டதில்ல.”

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலிக்கிறதா, ரத்தம் வருகிறதா, பெரிதாகிறதா என்று கேட்டேன். அதே மாதிரி ஒரு கறுப்பு, அதே இடத்தில், எனக்கும் இரண்டு வருசமாக இருந்தது. புருசனுக்கும் சொல்லவில்லை, சாமிக்கும் சொல்லவில்லை. இவளோ மலை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறாள். எப்பேர்ப்பட்ட வாய் வாங்கி வந்திருக்கிறாள் என்று பொறாமையாக இருந்தது.

தோட்டத்து மருத்துவிச்சி அம்மா பார்த்து, இது அட்டை இல்லை, தோலிலேயே படர்ந்த கறுப்பு என்று டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டொக்டர் ஐயா, புற்றுநோயாகவும் இருக்கலாம், துண்டு வெட்டிப் பார்க்க வேண்டி வரும், முதலில் கண்டியில் தோல் டொக்டரிடம் காட்டு என்று கடிதம் கொடுத்தார்.

அதோடு தம்பட்டம் நின்றது. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் ‘ம்’ என்பாள், அவ்வளவுதான். காதுக்கு ஓய்வு கிடைத்தது என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை வெட்டினால் அடுத்தது நான்.

கண்டிக்குத் துணையாக, பெற்ற மகளை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பஸ்ஸில் ஹட்டன் வரை வாயே திறக்கவில்லை. கினிகத்தேனை தாண்டியதும் பொறுக்க மாட்டாமல், பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்ணிடம் பாதி சிங்களத்திலும் பாதி கைச்சாடையிலும் கதையைத் தொடங்கினாள். அந்தப் பெண் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு இவளுக்கு இரண்டு கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு ஒன்றும் தரவில்லை.

கண்டியில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். திரையை இழுத்து மூடினார்கள். தம்பட்டக்கா என் கையை விடாததால் நானும் உள்ளே நின்றேன். டோர்ச் லைட் மாதிரி ஒரு கருவி, அதன் வாயில் கண்ணாடி. கத்தி இல்லை, ஊசி இல்லை. பசை போல ஏதோ தடவி, கண்ணாடியை மெல்ல அந்த இடத்தில் வைத்தார். பக்கத்துக் கம்பியூட்டரில் அந்தக் கறுப்பு சுளகு அளவுக்குத் தெரிந்தது. பழுப்பு வரிகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, சீராக.

படுத்தபடியே தம்பட்டக்கா கழுத்தை எக்கிப் பார்த்தாள். “அட, நம்ம பத்தாம் நம்பர் மலை மாதிரில்ல இருக்கு. வரிசையா தேயிலை நெர போட்டு வச்சிருக்கு.”

டொக்டர் சிரித்துவிட்டார். “வரிசை ஒழுங்கா இருக்கிறதுதான் அம்மா நல்லது. தாறுமாறா, நீலமும் வெள்ளையுமாக் கலந்திருந்தா வெட்டிப் பாக்க வேணும். இது நிறம் கூடின இடம், அவ்வளவுதான். ஆறு மாதம் கழிச்சு வாங்கோ, இண்டைய படத்தோட ஒத்துப் பாப்பம். அதுக்குள்ள பெருத்தாலோ ரத்தம் வந்தாலோ உடன வாங்கோ. சுண்ணாம்பு மட்டும் இனி வேண்டாம்.”

தம்பட்டக்கா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு லயத்தில் காட்டுவதற்கு அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டாள். டொக்டர் மறுத்துவிட்டார்.

அவளுக்குத் தீர்ந்துவிட்டது. எனக்கு? பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். தம்பட்டக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளிடம் அத்தனை சின்னக் குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“டொக்டரம்மா, இவளுக்கும் ஒண்ணு இருக்குங்க. நான் வெளிய நிக்கிறேன், பாத்துருங்க.”

திரும்பும்போது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொய்யாப்பழத்தில் ஒன்றை என் மடியில் வைத்தாள்.

“எல்லாரும் சிரிச்சாளுங்க. நீ மட்டும்தானே புள்ள பெருசாகுதான்னு கேட்ட.”

என்னுடையதும் ஒழுங்கான வரிசைதான். அக்காவுடையதை விடச் சின்னது என்றார் டொக்டர். அதிலும் அவளே முந்திவிட்டாள்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் குச்சியால் மண்ணில் அந்தப் படத்தைக் கீறிக் காட்டினாள். சனம் மொய்த்தது. என் பெயர் எப்போது வரும் என்று பயந்துகொண்டே பின்னால் நின்றேன். அன்றைக்கு வரவில்லை. அவள் கண் மூடும் வரைக்கும் வரவில்லை.

இப்போது நானே சொல்லிவிட்டேன். அவள் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.