தனிக்குடித்தனமும் மூன்று ஒன்றாம் நம்பரும்

அடுத்தவரிடம் எதையும் வாங்காமல் உலகத்தில் வாழ்ந்த ஒரே மனிதர், புதுக்கோட்டையில் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில், என் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். நாங்கள் வைத்த பெயர் ‘தனிக்குடித்தனம்’. கல்யாணமே ஆகாதவருக்கு அப்படியொரு பெயரா என்று கேட்காதீர்கள், குணத்துக்கு வைத்த பெயர் அது.

ஆபீசில் நாற்காலி இருந்தும் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மேஜைக் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார். சொந்த ஃபேன், சொந்த காலண்டர், சொந்தக் கடிகாரம். அந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும், அதனால் அவருக்கு மட்டும் சீக்கிரமே பசிக்கும். திருமயத்தில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் வேனில் போனோம். பாதி சீட் காலி. மனிதர் கொட்டுகிற மழையில் வேனுக்குப் பின்னாலேயே தன் மொபெட்டில் வந்தார்.

ஜாவாவில் புரோகிராம் எழுதும்போதும் அதே புத்திதான். எது தேவையென்றாலும் ‘நியூ’ என்று தட்டிப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்.

எங்களுக்கு வாய்த்த முதல் வாடிக்கையாளர் ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பிளான்ட் முதலாளி பாய். அவர் போனால் ஆபீசுக்குப் பூட்டுதான். ஐஸ் வாங்க வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் புரோகிராம் கேட்டிருந்தார். விசைப்படகு, நாட்டுப்படகு, லாரி என்று புரோகிராமில் மூன்று பிரிவு, மூன்று மாட்யூல். நம்மாள் மூன்றுக்குள்ளும் தனித்தனியாக ஒரு டோக்கன் சர்வீஸை உண்டாக்கிவைத்துவிட்டார். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஒன்றிலிருந்து நம்பர் போட்டது. முதல் நாள் காலையிலேயே பாயிடமிருந்து போன்.

“தம்பி, இங்கிட்டு மூணு ஒன்னாம் நம்பர் நின்னு சட்டையப் பிடிக்கிறாங்க. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணலைன்னா நான் பழைய சிலேட்டுக்கே போயிருவேன்!”

போனை வைத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்குத் திரும்பினேன்.

“அண்ணே, டோக்கன் சர்வீஸ் ஒன்னே ஒன்னு போதும். அத வெளிய உண்டாக்கி, மூணு மாட்யூல் கையிலயும் நாமளே குடுத்துருவோம். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்னா இம்புட்டுத்தாண்ணே.”

“அடுத்தவன் குடுப்பான்னு நம்பி எப்படிய்யா பொழைக்கிறது? குடுக்க மறந்துட்டா?”

“மறந்தா புரோகிராம் கெளம்பவே கெளம்பாதுண்ணே. எடுத்த எடுப்புலயே கத்திரும்.”

தன் ஃபேனை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நம்பலாம்ங்கிற?”

“நம்பலாம்ணே.”

மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் முகத்தோடு மூன்று ‘நியூ’க்களையும் அழித்தார். மத்தியானத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று டோக்கன் வரிசையாக வந்தது. பாய் ஒரு பெட்டி மீன் அனுப்பினார். தனிக்குடித்தனம் முதன்முறையாகக் கைநீட்டித் தன் பங்கை வாங்கிக்கொண்டார். எங்களுக்குக் கண் கலங்கியது, கொஞ்சம் மீன் வாடையும் காரணம்.

அதன்பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆலங்குடியில் பதினாலு பேர் ஒரே அடுப்பில் சாப்பிடும் முந்திரி வியாபாரக் குடும்பத்துக்கு, வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்விட்டார்! வேலையை விட்டுப் போகிற அன்று சங்கிலிச் சாவியை என் கையில் வைத்தார்.

“நாற்காலி இனிமே பொது. யாரு வேணும்னாலும் ஒக்காருங்க.”

சங்கிலியைக் கழற்றி ஒரு வருஷமாகிறது. ஆபீசில் ஆள் கூடிவிட்டதால் இப்போது நின்றுகொண்டுதான் டீ குடிக்கிறோம். அந்த நாற்காலியில் மட்டும் எங்களில் ஒருவருக்கும் இன்னும் உட்கார மனசு வரவில்லை.