நின்றால் குற்றமில்லை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டுப் பல்குத்தும் குச்சியைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டால் விளைந்தது நன்மையா தீமையா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவதால் எங்கள் மாகாணத்தின் அரசியல் நேர்மை காப்பாற்றப்பட்டிருக்கிறது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. குச்சிகளை வாங்கி வைப்பவனே நான்தான்.

என் பெயர் வெண்டல் பூன். மக்கள் சபையின் வெளிக்கூடத்தில் நிற்பது என் தொழில். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியே நிற்கும் எங்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே தோற்கடிக்கவும் முடியாது. வயிற்றெரிச்சல்காரர்கள் எங்களைத் 'தரகர்' என்பார்கள். என் அட்டையில் 'கருத்து எடுத்துரைப்பவர்' என்று அச்சடித்திருக்கிறது. பன்றிப் பண்ணை அதிபர்கள் சங்கத்தின் கருத்தை எடுத்துரைக்கிறேன். அதிபர்களுக்குக் கருத்து நிறைய உண்டு. அதை வெளியில் சொன்னால்தான் வம்பு.

எங்கள் ஒழுக்க விதி தெள்ளத் தெளிவானது. ஓர் உறுப்பினரை நாற்காலியில் உட்காரவைத்து, தட்டும் முள்கரண்டியும் கொடுத்துச் சாப்பாடு போட்டால் அது 'லஞ்சம்'. அதே உறுப்பினர் நின்றபடி, குச்சியால் குத்தி எதை வாயில் போட்டுக்கொண்டாலும் அது 'கருத்துப் பரிமாற்றம்'. எங்கள் வேளாண் குழுத் தலைவர் கிளைட் ஹாபர்ட் இந்த விதியை உயிருக்கு மேலாக மதிப்பவர். பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் நின்றபடியே பரிமாறிக்கொண்ட கருத்துகளைச் சேர்த்தால் ஒரு நடுத்தர மாட்டுப் பண்ணை தேறும்.

"ஜனநாயகத்துக்காக முட்டி தேய நிக்கிறேன்யா பூன். எவனுக்காவது இது தெரியுதா?" என்று இறைச்சி உருண்டைகளுக்கு நடுவே கண்கலங்குவார்.

இப்படிப்பட்ட புண்ணிய பூமிக்குத்தான் அந்தக் குளிர்காலத்தில் மாவிஸ் டிரெஸ்லர் வந்து சேர்ந்தார். வில்லோபெண்ட் தொகுதி. அதற்கு முன் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் நாடக ஆசிரியை. கையோடு 'கிணற்று நீர் மசோதா' என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பண்ணைக் கழிவால் யார் கிணறாவது கெட்டுப்போனால், பண்ணைக்காரர் அதைப் பரிசோதித்து, அந்த வீட்டுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டுமாம். எவ்வளவு அபாயகரமான சிந்தனை, பாருங்கள்!

விருந்தோம்பல் எங்கள் மரபு. எதிரே போய் நின்றேன்.

"மேடம், ஒரு காபி?"

"பிளாஸ்க்ல இருக்கு."

"ஒரு சீஸ் துண்டு? குச்சியோட?"

"பசிக்கல."

"வெளிய பனி கொட்டுது. என் கார்ல விட்டுடட்டுமா?"

"பூட்ஸ் போட்டிருக்கேன், மிஸ்டர் பூன்."

பூட்ஸ் போட்டிருக்கிறாராம்! பிளாஸ்க்கும் பூட்ஸுமாக ஒருவர் அரசியலுக்கு வந்தால் என்னைப் போன்றவர்கள் எப்படிப் பிழைப்பது?

மாவிஸின் பின்னாலேயே ஒரு பெண்மணி வருவார். வெர்னா ஸ்க்ராம் என்று பெயர். வில்லோபெண்டில் பண்ணைக்கு அடுத்த வீடு. கையில் எப்போதும் மூடி போட்ட ஒரு கண்ணாடி ஊறுகாய்ச் சாடி. அதில் பழுப்பு நிறத்தில் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

"இதை நீங்க குடிப்பீங்களா, மிஸ்டர் பூன்?"

"நான் கருத்தை மட்டும் எடுத்துச் சொல்றவன், அம்மா."

"எங்க பொண்ணு ஜூனியக் குளிப்பாட்டினா உடம்பு பூரா தடிச்சுப் போவுது. பள்ளிக்கூடத்துல யார் பக்கத்துலயும் உக்கார மாட்டேங்கிறா, தன் மேல நாத்தம் அடிக்கும்னு அவளுக்குப் பயம். ஏழு வயசுங்க அவளுக்கு."

நான் மிகுந்த வருத்தம் தெரிவித்தேன். வருத்தம் தெரிவிக்க எங்கள் சங்கம் எனக்கு முழு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

அந்தச் சாடியின் படம் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. ஹாபர்ட் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"பூன், குழுவுல ஒவ்வொருத்தரா விசாரிச்சுட்டேன். மசோதா ஜெயிச்சுரும்யா. எதுத்து ஓட்டுப் போட்டா, அடுத்த தேர்தல்ல அந்தச் சாடியத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா காட்டுவாங்க."

"எதுத்து ஓட்டுப் போடச் சொன்னேனா, தலைவரே?"

"அப்போ ஆதரிக்கணுமா?"

"ஐயையோ, அதுவும் வேண்டாம்."

"பின்ன என்னதான்யா பண்ணச் சொல்ற?"

"நாடகம் பாக்க வாங்க."

கூட்டத்தொடரின் கடைசியில் ஒரு சிரிப்பு நாடகம் போடுவது எங்கள் தலைநகரின் வழக்கம். சபைக்கு எதிரே உள்ள பழைய கொட்டகையில், உறுப்பினர்களும் நாங்களும் சேர்ந்து, எங்களை நாங்களே கிழிகிழி என்று கிழித்துக்கொள்வோம். செலவு எங்களுடையது. எங்களைத் திட்டுவதற்கு நாங்களே பணம் கொடுக்கிற பெருந்தன்மையை வேறு எந்தத் தொழிலில் பார்க்க முடியும்? அந்த வருடம் நாடகத்துக்குக் குறித்த நாளும் குழுக்களின் வேலை முடியும் நாளும் ஒன்றாக அமைந்தன. அன்று மாலை ஆறு மணிக்குள் குழுவில் வாக்கெடுக்கப்படாத மசோதா செத்துப்போகும். யாரும் கொல்ல வேண்டியதில்லை; தானாகவே போய்விடும்.

வாக்கெடுப்பு 'நாடகம் முடிந்த கையோடு, ஐந்து மணி அளவில்' என்று ஹாபர்ட் அறிவித்தார். நான் நாடகப் பிரதியைத் தூக்கிக்கொண்டு மாவிஸின் அறைக்குப் போனேன்.

"மேடம், உங்க மசோதாவ வச்சு நாடகம் போடறோம்."

"கிண்டல் பண்ணவா?"

"எங்களைக் கிண்டல் பண்ண. நேர்மையான ஒரு பெண் உறுப்பினர், அவங்களை விலைக்கு வாங்கப் பாக்கிற ஒரு கேடுகெட்ட தரகன். கடைசியில அவங்க ஒரு பேச்சுப் பேசுவாங்க. தரகன் கால்ல விழுந்துடுவான்."

அவர் பிரதியைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்தார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

"இந்த வில்லன் வசனம் சரியில்ல. கெட்டவன் தன்னைக் கெட்டவன்னு நினைக்கவே மாட்டான், மிஸ்டர் பூன். சிரிச்ச முகமா, உபகாரம் பண்றவன் மாதிரி பேசணும்."

"எழுதிக்கிறேன், மேடம்."

"யாரு கதாநாயகி?" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

காபியை மறுத்தவர், சீஸை மறுத்தவர், பனியில் காரை மறுத்தவர்! மறுநாளே ஒழுக்கக் குழு அலுவலகத்துக்குப் போய், நாடகத்தில் நடித்தால் அது அன்பளிப்பு ஆகுமா என்று கேட்டார். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. அவர்கள் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, உடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும் என்றார்கள். கைதட்டலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நாடகத்தன்று வெர்னாவைக் குழு அறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு வந்தார் மாவிஸ். "இடம் பிடிச்சு வை. அஞ்சு மணிக்கு நாங்க எல்லாரும் வந்துடுவோம்" என்றாராம்.

கொட்டகையில் குழு உறுப்பினர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நான் ஒட்டுமீசையோடு தரகனாக வந்தேன். மாவிஸ் சொல்லிக்கொடுத்தபடி சிரித்த முகமாகப் பேசினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் ஹாபர்ட் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்படியே நம்ம பூன்தான்யா!" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது மேடை வரை கேட்டது.

பிறகு அந்தப் பேச்சு. அதை நான் எழுதவில்லை. குழுவில் பேசுவதற்கென்று வைத்திருந்ததையே அவர் பேசினார். "இந்த மாகாணத்துல ஒரு பன்னிக்குக் கிடைக்கிற தண்ணி ஒரு பிள்ளைக்குக் கிடைக்கல" என்று ஆரம்பித்து, ஜூனியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கே ஒரு கணம் மீசை நனைந்துவிட்டது. நான் காலில் விழுந்தேன். மொத்தக் கொட்டகையும் எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் நிற்கவே இல்லை. "இன்னொரு தடவை!" என்று ஹாபர்ட் கத்தினார். "இன்னொரு தடவை!" என்று குழு முழுவதும் கத்தியது. மாவிஸின் முகத்தில் வந்த வெளிச்சம் விளக்கால் மட்டும் வந்ததல்ல. மறுபடி பேசினார், இந்தத் தடவை நிறுத்த வேண்டிய இடங்களில் இன்னும் நன்றாக நிறுத்தினார். மறுபடி எழுந்தோம், மறுபடி தட்டினோம்.

"மணி என்ன?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"நேரமிருக்கு, மேடம். ஆனா பின்வரிசைக்குச் சரியா கேக்கலையாம்."

நாடக ஆசிரியையிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், இதை மட்டும் சொல்லக்கூடாது. அவர் முதுகை நிமிர்த்தி, மூச்சை வயிற்றிலிருந்து இழுத்து, மூன்றாம் தடவையும் முழுசாகப் பேசினார். அற்புதம்! கிணற்று நீர் மசோதாவுக்கு அன்று கிடைத்த ஆதரவு எங்கள் மாகாண வரலாற்றில் எந்த மசோதாவுக்கும் கிடைத்ததில்லை. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தபோது சபைக் கோபுரத்தில் ஆறு மணி அடித்தது.

மாவிஸ் மேடையிலிருந்து குதித்து, நாடக உடையோடே தெருவைக் கடந்து ஓடினார். திரும்பி வந்தபோது பின்னால் வெர்னா சாடியோடு நின்றார். நாங்கள் கொட்டகையின் முன்கூடத்தில், வழக்கம்போல் நின்றபடி, கருத்துப் பரிமாறிக்கொண்டிருந்தோம்.

"யாரும் வரலீங்க," என்றார் வெர்னா. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "நல்ல கோட்டெல்லாம் போட்டுட்டு உக்காந்திருந்தேன். ஆறு அடிச்சதும் ஒருத்தர் வந்து விளக்க அணைச்சுட்டார். ஜூனிகிட்ட இன்னிக்கு முடிஞ்சிரும்னு சொல்லிட்டு வந்தேன்."

மாவிஸ் நேராக என்னிடம் வந்தார். முகப்பூச்சு கோடு கோடாக வழிந்திருந்தது.

"இப்பத்தான் கொட்டகைக்குள்ள எட்டிப் பாத்தேன். விளக்கு கண்ணுல அடிச்சதால மேடையிலருந்து தெரியல. பின்வரிசை நாற்காலி எல்லாம் துணி போத்தியிருக்கு. அங்க யாருமே உக்காரல."

"அதான் மேடம், கேக்கல."

அவர் என்னை அறைவார் என்று நினைத்தேன். அறையவில்லை. பக்கத்துச் சுவரில் சாய்ந்து, "என் வாயாலயே கொன்னுட்டேன், வெர்னா" என்று அழ ஆரம்பித்தார். வெர்னா சாடியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் வரலாறு திரும்பியது. எங்கள் ஊரில் ஐஸ் டீயை ஊறுகாய்ச் சாடியில்தான் குடிப்பார்கள். கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோயிருந்த ஹாபர்ட், மேசையில் பழுப்பாக ஒரு சாடியைப் பார்த்தார்.

"அடடா, இதுல்ல உபசாரம்!" என்று மூடியைத் திருகி, அண்ணாந்து, ஒரு பெரிய வாய் விழுங்கினார்.

ஹாபர்ட்டின் முகம் சாடியின் நிறத்துக்கு வந்தது. மிச்சத்தைப் பூந்தொட்டியில் துப்பினார்.

"என்னய்யா எழவு இது?"

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிங்க," என்றார் வெர்னா.

"ஐயோ! விஷம்! டாக்டரக் கூப்பிடுங்கய்யா! எனக்குக் கைகால் எல்லாம் தடிக்குது!"

"ஒரு வாய்தானே குடிச்சீங்க," என்றார் வெர்னா. "என் பொண்ணு பொறந்ததுலருந்து குடிக்கிறா."

யார் சொன்னது, எங்கள் சபை மெத்தனமானது என்று? மறுநாள் காலையிலேயே சபை தன் விதிகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அவசரமாகக் கூடியது. கிணற்று நீர் மசோதாவை மறுபடி எடுக்க முடியாது. செத்தது செத்ததுதான், விதி விதிதான். ஆனால் 'உயிராபத்து' என்றால் புதிய மசோதா கொண்டுவரலாம். எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஹாபர்ட் தழுதழுத்த குரலில் ஆதரித்துப் பேசினார். தண்ணீரின் அருமை குடித்தவனுக்குத்தான் தெரியும் என்று அவர் சொன்னபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மதிய உணவுக்கு முன்பே நிறைவேறிவிட்டது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு, மாவிஸுடையது. யாரும் கைதட்டவில்லை.

ஆக, கெட்ட தண்ணீரிலிருந்து மக்களைக் காக்க எங்கள் மாகாணத்தில் இன்று சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சொட்டையும் பரிசோதித்து, சாடியில் சீட்டு ஒட்டிய பிறகே கொடுக்க வேண்டும். மீறினால் சிறை. வரவேற்பு விருந்துகளில் நின்றபடி குடிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. வில்லோபெண்டில் ஜூனி மேசையில் உட்கார்ந்து குடிக்கிறாளாம். அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?