மாப்பிள்ளைக்கு, மூன்றாம் குளத்தங்கரையிலிருந்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் இங்கே பாதி நலம், மீதி தூக்கம். என் மகள், அதாவது உங்கள் மனைவி, முழு நலம். கண்ணில் படுவதுதான் இல்லை.

என்னை எதற்கு அனுப்பினீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. "மாமா, நான் சொன்னா சண்டை ஆகுது. நீங்க போய்ப் பக்குவமா பேசி, வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்று ரயிலடியில் நீங்கள் சொன்னது காதிலேயே இருக்கிறது. வந்த அன்றே பேசத்தான் இருந்தேன். அவள் என் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டி, "வாங்கப்பா, குளம் காட்டறேன்" என்றாள். அங்கேதான் பிடித்தது சனி.

விஷயம் இதுதான். புதுச் சுரங்கத்துக்குப் பூமியைத் தோண்டத் தோண்ட, நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே வருகிறதாம். பாறையில் இருக்கும் இரும்பையும் இன்னும் ஏதேதோ விஷத்தையும் கரைத்துக்கொண்டு, புளித்துப்போய் வருகிறது. இறைக்காவிட்டால் குழி நிரம்பி வேலை நின்றுவிடும். இறைத்து அப்படியே விட்டால் கீழே ஓடையில் தண்ணீர் மொள்ளுகிற சனங்கள் கதி அதோகதி. அதனால் உங்கள் மனைவி அதில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, காற்றடித்து, மூன்று குளங்களில் வரிசையாகத் தெளியவைத்து அனுப்புகிறாள். முதல் குளம் செங்கல் கரைத்த மாதிரி இருக்கிறது. இரண்டாவது பால். மூன்றாவதைப் பற்றி எழுத ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது, சுகமான கொட்டாவி. அதில் வானம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது மாப்பிள்ளை. கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சாய்ந்தால் மேலே போகிற மேகம் எது, கீழே போகிற மேகம் எது என்று தெரிவதில்லை. தூரத்தில் பம்ப் ஓடுகிற சத்தம், நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்துக் கூட்ஸ் வண்டி எங்கோ போய்க்கொண்டே இருக்கிற மாதிரி கேட்கிறது. 'இன்று பேசிவிட வேண்டும்' என்று தினமும் உட்காருவேன். கண் விழித்தால் பொழுது சாய்ந்திருக்கும்.

எங்கே விட்டேன்? ஆங், மீன். பார்வைக்குத் தெளிந்தால் மட்டும் போதாதாம். மூன்றாம் குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தொட்டியில் விட்டு, அதில் மீன் போட்டிருக்கிறார்கள். அளக்கிற கருவி ரிப்பேருக்குப் போயிருந்ததால் அந்த வாரம் மீன்தான் ஒரே சாட்சி. மீன் நன்றாக நீந்தினால் வால்வைத் திறந்து ஓடைக்கு விடலாம். இதை யாராவது என்னிடம் சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? நான் பார்த்தபோது மீன்களெல்லாம் அடியில் சோர்ந்து கிடந்தன. காத்திருப்பு அறையில் ஒரு பயணி சுருண்டு கிடந்தாலே எனக்கு மனசு கேட்காது. தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, ஷெட்டிலிருந்த குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்து கவிழ்த்தேன். மீன்கள் துள்ளின பாருங்கள்! அந்த நிம்மதியில் நாற்காலிக்குப் போய்க் கண்ணயர்ந்தேன். கனவில் அதே மீன்கள் பிளாட்பாரத்தில் பெட்டி படுக்கையோடு நின்று, "வண்டி எப்போ சார்?" என்றன. "இன்னும் சிக்னல் விழல" என்றேன்.

கூச்சல் கேட்டு விழித்தேன். எல்லாரும் 'அவசரம்' என்று பெயர் வைத்திருக்கிற சுரங்க மேலாளர் தொட்டியைக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்.

"மீன் துள்ளுதும்மா! வால்வைத் திறக்கச் சொல்லு! குழியில இடுப்பளவு தண்ணி நிக்குது!"

"காலையில சோர்ந்து கிடந்ததே சார்," என்றாள் மகள்.

"இப்போ துள்ளுதே, கண்ணு தெரியலையா?"

வால்வுக்காரர் சக்கரத்தில் கை வைத்துவிட்டார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? தோளில் கிடந்த சிவப்புத் துவாலையை உருவி, தண்டவாளத்தில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்று, வீசு வீசென்று வீசினேன். வால்வுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பா, என்ன பண்ணீங்க?"

"குடிதண்ணி ஊத்தினேம்மா. பாவமா இருந்துச்சு."

அவசரம் என்னைத் திட்டியதை நான் எழுதப் போவதில்லை. என் சம்பந்தி வீட்டில் படிக்கிற கடிதம் இது. மகள் திட்டவில்லை. குழாயை ஒட்டித் தட்டிக்கொண்டே நடந்தாள். சுண்ணாம்புக் குழாய் ஓரிடத்தில் கட்டிதட்டி அடைத்திருந்தது; மீன்கள் சோர்ந்ததற்குக் காரணம் அதுதான். மண்டியிட்டு அதைக் குத்தி எடுத்து முடித்தபோது, தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்ற பெண்ணை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"எதுக்கும்மா இவ்வளவு பாடு? கீழ இருக்கிறவங்க யாருக்காவது உன்னைத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம இருக்கிற வரைக்கும் தண்ணி நல்லா இருக்குன்னு அர்த்தம்ப்பா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

பிறகு மறுபடி தெளிந்த தண்ணீரில் மீன்கள் தாமாகவே நீந்தின. "அப்பா, இப்போ சிக்னல் குடுங்க" என்றாள். பச்சைக் கொடிக்கு எங்கே போவேன்? இலையோடு ஒரு மரக்கொப்பை ஒடித்து ஆட்டினேன். வால்வு திறந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. பழக்க தோஷத்தில் கடைசிப் பெட்டிக்காகக் காத்து நின்றேன், வரவேயில்லை.

போகட்டும். வெள்ளிக்கிழமை வண்டிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். இன்று மாலை பக்குவமாகப் பேசி, கையோடு அழைத்து வருவேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். எல்லா நலமும் உங்களைத் தேடி வர என் ஆசீர்வாதம். சம்பந்திக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: மாலையில் பேசினேன். "நீ வர வேண்டாம்மா" என்றுதான் வாயில் வந்தது. "நான் எங்கப்பா வரேன்னு சொன்னேன்?" என்றாள். இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தாயிற்று. மீன் தொட்டிக்கு என்னைக் காவல் போட்டிருக்கிறார்கள். கேன் பக்கம் போகக் கூடாது என்பது நிபந்தனை. நீங்கள் லீவு போட்டுப் புறப்பட்டு வாருங்கள், அழைத்துப்போக அல்ல, பார்க்க. இன்னொன்று: வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று முதல் வரியில் கேட்டது நான் இல்லை. அதை முதலில் எழுதச் சொல்லி, எழுதும்வரை பக்கத்திலேயே நின்றாள். கரையில் இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறோம்.